சர்பத்துக்கு ஓர் ஐஸ்கட்டி

ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டின் கொல்லையில் உச்சி வெயில் ஐஸ் தட்டின் ஒரு குழிக்குள் இறங்கி மின்னுகிறது. குழியில் இருப்பது தண்ணீர் இல்லை. ராஜபாளையம் பைபர் பட்டறையிலிருந்து சேக் முகைதீன் கொண்டுவந்த, இறுகினால் கண்ணாடிபோல் ஆகிவிடும் ரெசின். பெயின்ட் போன்ற வாடை கண்ணைக் கரிக்கிறது. பாதி இறுகிய ரெசின்மேல் செத்த கட்டெறும்பு ஒன்றை அவன் தங்கை ஜரீனா ஈர்க்குச்சியால் மெல்லப் படுக்க வைக்கிறாள். மாலையில் புது மாப்பிள்ளையின் சர்பத்தில் இந்த ஐஸ்கட்டி கிடக்க வேண்டும். "கலியாணம் முடிஞ்சு இம்புட்டு நாளாச்சு, மச்சான் ஒரு தடவ சிரிக்கலியேண்ணே. நம்ம வீடு புடிக்கலையோன்னு ஜெய்னப் அக்கா உள்ளுக்குள்ள மருகுதா." "இதப் பாத்துக் கோவிச்சுக்கிட்டாருன்னா?" "நீங்க ஊத்துங்க, பொறவு பாத்துக்கிடலாம்." சேக் முகைதீன் மிச்ச ரெசினை நூலாக ஊற்றுகிறான். எறும்பின் கால்களைச் சுற்றிச் சிறு குமிழ்கள் எழும்பி உடைகின்றன. தட்டின்மேல் ஒரு நிழல் விழுகிறது. கை கழுவ வந்த மாப்பிள்ளை அசன் முகம்மது வாளியருகே நிற்கிறார். தட்டை நகர்த்தினால் ரெசின் சிந்திவிடும். அண்ணனும் தங்கையும் அசையவில்லை. அவர் குனிந்து எறும்பைப் பார்க்கிறார், ஜரீனாவைப் பார்க்கிறார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. நிதானமாகக் கை கழுவி, துண்டில் துடைத்துக்கொண்டு உள்ளே போகிறார். அடுப்பங்கரையில் அவர் குரல் கேட்கிறது. "ஜெய்னப்பு, சாயங்காலம் மொத சர்பத்து உன் தங்கச்சிக்கு. நீ ஊத்து, ஐஸ் நான் போடுதேன்." ஏன் என்று ஜெய்னப் கேட்கிறாள். அவர் சொல்ல வாயெடுக்கிறார், முடியவில்லை. கொல்லைவரை கேட்கிறது அவர் சிரிப்பு.