வட்டியில்லாத கடன்

கல்மண்டபத்து மிளகாய்க் கிட்டங்கியின் தகரக்கூரை ஓட்டையில் இறங்கும் வெயிலில் சிவப்புத் தூசி சுழல்கிறது. பாங்கின் ஓவர்டிராப்ட் பதினையாயிரத்தைக் குறைந்த வட்டிக்கு எங்கே வாங்கி அடைப்பதென்று முதலாளி அருமைநாயகம் சிகரெட் அட்டையில் கணக்குப் போடுகிறார். பாங்குக்கு ஒன்பது வட்டி; சேட்டுக்குப் பன்னிரண்டு; சீட்டைத் தள்ளுபடிக்கு ஏலம் எடுத்தால் அதற்கும் மேல். பென்சில் முனை ஒடிகிறது. "எழவு, எங்க போனாலும் கழுத்துக்குத்தான் கத்தி வருது!" என்று அட்டையைக் கசக்கி எறிகிறார். எதிர்க்கடைத் தோல் வியாபாரி கபூர் பாய் அதைப் பொறுக்கிப் பிரிக்கிறார். "இன்னா நாயகம், தோஸ்து நான் எதிர்ல கீறேன், நீ இன்னாத்துக்கு பேஜாராவுறே? கப்பல்ல அனுப்ச்ச தோலுக்குத் துட்டு வந்துக்கீது, எட்த்துக்க. அசலைக் குடு, போதும். வட்டி எங்களுக்கு ஹராம்." போன வருஷம் இதே பாய் அவசரத்துக்கு இரண்டாயிரம் கேட்டபோது, முதல் மாத வட்டியைப் பிடித்துக்கொண்டு எண்ணிக் கொடுத்த அருமைநாயகத்தின் விரல்களில் மிளகாய் எரிகிறது.