வரிசையாக வந்த புள்ளிகள்

படகுகள் இருக்குமிடத்தைச் சர்வருக்கு அனுப்பும் செயலியை எழுதியவள் ஷைனி. கடலில் சிக்னல் போனால் படகிலிருப்பவரின் ஃபோன் எல்லாவற்றையும் சேமித்துவைக்கும். கிடைத்ததும் வரிசையாக அனுப்பும். புயலடித்து இரண்டு நாளாக அவள் அண்ணன் ஆன்றோவின் படகிலிருந்து எதுவும் வரவில்லை. மூன்றாம் நாள் காலையில் திரையிலிருந்த வரைபடத்தில் அவன் படகின் ஒரு புள்ளி விழுந்தது. பிறகு இன்னொன்று. எல்லாம் புயலன்று பதிவானவை.

“ஆன்றோ உயிரோட இருக்கானா மக்ளே?” அம்மா அவள் தோளை உலுக்கினாள்.

“அவன் ஃபோனுக்கு சிக்னல் கிடைச்சிருக்கும்மா.”

“பின்ன ஏன் பாத்துட்டு இருக்க? கூப்பிடு!”

கூப்பிட்டாள். நெடுநேரம் மணியடித்து, எடுக்கப்பட்டது.

“அண்ணா?”

அலைச் சத்தத்துக்கு நடுவே யாரோ ஒருவர், இந்த ஃபோன் யாருடையது என்று மலையாளத்தில் கேட்டார். ஷைனி அம்மாவைப் பார்க்காமல் திரும்பி நின்றுகொண்டாள்.