கேள்விக்கு முந்திய பதில்

வாக்குமூல அறையில் ஏசி இரைந்துகொண்டிருக்கிறது. மேசைமேல் கிடக்கும் காப்புரிமைப் பத்திரத்தில், கண்டுபிடித்தவர் என்று வாக்குமூலம் தர வந்திருக்கும் என்ஜினியரின் பெயர்தான் இருக்கிறது. உரிமையோ அவர் விட்டுவந்த பழைய கம்பெனிக்கு. யாரும் கேட்பதற்கு முன்பே தரவுகளைக் கணக்கிட்டு, விடையைத் தயாராக எடுத்துவைக்கும் வழி அது. மகள் நடை பழகியதைக்கூடப் பார்க்காமல் மூன்று வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டதற்கு மிச்சம் பத்திரத்தில் பெயர் இருக்கும் அந்த ஒரு வரிதான். அதே வழியைப் புதிய கம்பெனியிலும் பயன்படுத்திவிட்டார் என்று பழைய கம்பெனி வழக்குப் போட்டிருக்கிறது. “இதுல புதுசா ஒண்ணுமே இல்லன்னு நீங்களே சொல்லிட்டா காப்புரிமை செல்லாது சார். அவங்க எப்படிக் கேட்டாலும் இதே பதில்தான்” என்று அவர் தரப்பு வக்கீல் இரண்டு நாளாக உருப்போட வைத்திருக்கிறார். ஜன்னல் வெயில் பத்திரத்தின்மேல் ஊர்ந்து, அவர் பெயரில் வந்து நிற்கிறது. மறைக்கலாமென்று தண்ணீர் கிளாஸை நகர்த்தி வைக்கிறார். தண்ணீர் வழியே எழுத்துகள் இன்னும் பெரிதாகத் தெரிகின்றன. எதிர்த்தரப்பு வக்கீலம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே, “இந்த யோசனை உங்களுக்கு...” என்று ஆரம்பிக்கிறார். “அதுல என் யோசனைன்னு ஒண்ணும் இல்லீங்க. யார் வேணும்னாலும் செஞ்சிருப்பாங்க” என்கிறார் என்ஜினியர். வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்யும் பெண்ணின் விரல்கள் அந்தரத்தில் நிற்கின்றன. “சார், அவங்க இன்னும் கேள்வியே கேட்டு முடிக்கல.”