கத்திப் பார்த்து எடுத்த வீடு

"பாத்ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டு ஒரு தடவை கத்துங்க" என்றார் அந்த அம்மா, தன் கணவரிடம்.

பதினோராவது வீடு. இதற்கு முன் பார்த்த பத்து வீட்டிலும் இதே கூத்துதான். கணவர் கத்துவார், அம்மா கூடத்தில் நின்று காதைத் தீட்டிக்கொள்வார், பிறகு "வேண்டாம்" என்பார்.

நான் வீட்டுத் தரகன். பிழைக்க இந்த நாட்டுக்கு வந்து இருபது வருடம் ஆகிறது. புதிதாக வேலைக்கு வரும் நம் ஆட்கள், நம் பாஷை பேசுகிறவன் என்று என்னைத் தேடி வருவார்கள். தண்ணீர் வருமா, கரண்ட் போகுமா, வீட்டுக்காரர் நடுவில் காலி செய்யச் சொல்வாரா என்று கேட்பார்கள். கத்திப் பார்த்து வீடு எடுக்கிறவர்களை நான் கண்டதில்லை.

இன்னொரு எரிச்சலும் இருந்தது. அந்த அம்மா ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப் போடமாட்டார். பூட்டைத் திறப்பது கணவர். மோட்டார் போடுவது கணவர். அடுப்பைப் பற்றவைத்துப் பார்ப்பதும் அவர்தான், அதுவும் நாலு தீக்குச்சியை வீணாக்கிவிட்டு. அம்மா கையைக் கட்டிக்கொண்டு நின்று "இன்னொரு தடவை" என்பார்.

மகாராணியிடம் மாட்டிக்கொண்ட மனுஷன் என்று எனக்குப் பாவமாக இருந்தது.

இரண்டு வருடத்துக்கு வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள் அமைந்தே ஆக வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். கம்பெனி கெஸ்ட் ஹவுஸைக் காலி செய்யச் சொல்லியிருப்பார்கள் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

இன்று புதன்.

ஆறாவது வீட்டுக்கு என்ன குறை? பால்கனி, வழவழவென்று தரை, நாள் முழுக்கத் தண்ணீர். தனி வீடு, அக்கம்பக்கம் தொந்தரவே இல்லை. அதையும் வேண்டாம் என்றார். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறார்களே என்று வயிறெரிந்தது.

இந்த வீடு தேறாது என்று தெரிந்தேதான், கையில் வேறு வீடு இல்லாமல் கூட்டி வந்தேன். இரண்டாம் மாடி, இருட்டுக் கூடம். சுவர் அத்தனை மெல்லிசு, எதிர்வீட்டில் தும்மினால் இங்கே கேட்கும்.

கணவர் கூச்சத்தோடு கத்தினார்.

"நல்லா கத்துங்க!"

இரண்டாவது முறை தொண்டை கிழியக் கத்தினார்.

எதிர்வீட்டுக் கதவு படாரென்று திறந்தது. கையில் சோப்பு நுரையோடு ஒரு பெண்மணி, கேட்காமல் கொள்ளாமல் நேரே உள்ளே வந்து, இந்த ஊர்ப் பாஷையில் பொரிந்து தள்ளினார்.

"என்ன சொல்றாங்க?" என்று அந்த அம்மா என்னைக் கேட்டார்.

"உள்ள இருக்கறவர் உயிரோட இருக்காரா, கதவை உடைக்கணுமான்னு கேக்கறாங்க."

அந்த அம்மா சிரித்தார். பதினோரு வீட்டில் முதல் சிரிப்பு.

"இந்த வீடே இருக்கட்டும்."

பாத்ரூம் தாழ்ப்பாள் இறுகிக்கொண்டது. அதை எப்படித் தூக்கித் தள்ளுவது என்று, அந்த எதிர்வீட்டுப் பெண்மணி வெளியே நின்றபடி கணவருக்குப் புரியாத பாஷையில் பாடம் நடத்தத் தொடங்கினார். நான் விட்டால் போதும் என்று சமையல் மேடையில் வைத்து ஒப்பந்தப் படிவத்தை நிரப்பினேன்.

குடியிருப்போர் எண்ணிக்கை: இரண்டு.

அந்த அம்மா என் பேனாவை வாங்கி, அதை அடித்துவிட்டு, ஒன்று என்று எழுதினார்.

"எனக்கு விசாவை நீட்டிக்க மாட்டேன்னுட்டாங்க. வெள்ளிக்கிழமை ஃப்ளைட்."

பத்து வீடாக மனதுக்குள் நான் திட்டியதெல்லாம் என் முகத்திலேயே வந்து விழுந்தது.

தாழ்ப்பாள் திறந்து மூவரும் வெளியே வந்ததும், எப்போதும் வீட்டம்மாவிடம் கொடுக்கும் பழக்கதோஷத்தில் சாவியை அந்த அம்மாவிடம்தான் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. கணவரைக் காட்டினார்.

அவர் சாவியைத் தப்பான பக்கம் திருப்பினார். வாங்கிப் பூட்டிவிடலாமா என்று எனக்கே கை பரபரத்தது.

அந்த அம்மா கையைக் கட்டிக்கொண்டு, அவராகக் கண்டுபிடிக்கும்வரை படியில் நின்றார்.