ஆறாவது சீட்டு

அந்த மென்பொருள் அலுவலகத்தில், ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை நாள் பிடிக்கும் என்று ஆளுக்கொரு சீட்டில் எழுதிக் கவிழ்த்து வைப்பார்கள். குழுவில் ஐந்து பேர். நிமிர்த்தினால் ஆறு சீட்டு.

“பதிமூணு யாருப்பா போட்டது?”

“எதுக்கெடுத்தாலும் பதிமூணு போடுறது நம்ம அண்ணன்தானே, அண்ணி?”

குழுவை நடத்திவந்த அந்த அண்ணன் இறந்து நான்கு மாதம் ஆகிறது. அவர் மனைவிதான் இப்போது குழுவை நடத்துகிறாள். அந்தச் சீட்டைத் தினமும் பைக்குள் எடுத்து வைத்துக்கொள்வாள்.

மேலாளர் எட்டிப் பார்த்தார். “மூணு வாரமா திட்டமே போடுறீங்களேம்மா! இந்நேரம் ரெண்டு கல்யாணத்த முடிச்சிருக்கலாம். வேலைய எப்ப ஆரம்பிப்பீங்க?”

ஆரம்பித்துவிட்டால் யாரும் சீட்டு எழுத வேண்டியதில்லை.

“கடைசியா ஒண்ணு,” என்றாள். “திட்டம் போட இன்னும் எத்தனை நாள் வேணும்? எழுதுங்கப்பா.”

ஐந்து சீட்டிலும் பூஜ்யம். ஐவரில் ஒருத்தியான அவளும் மனதைக் கல்லாக்கிக்கொண்டு அதையே எழுதியிருந்தாள்.

ஆறாவதை நிமிர்த்தினாள். பதிமூன்று இல்லை. ‘ஒரே ஒரு நாள்’ என்றிருந்தது. மை இன்னும் காயவில்லை.