டூ ஹார்பர்ஸ் எட்

"அவனைத் தூக்கணும்! ப்ரூவிட் வந்த அன்னிக்கே, சூட்கேஸைக் கீழ வைக்கறதுக்கு முன்னாடியே தூக்கணும்!"

டுலூத் நகர வானொலியில் காலை எட்டரை மணிக்கு இப்படிக் கர்ஜித்தவர் வெர்ன். உறைந்துபோன ஏரியின் நடுவே, மீன் பிடிக்கிற குடிலுக்குள் உட்கார்ந்துகொண்டு போன் செய்திருந்தார்.

"மெதுவா வெர்ன் அண்ணே! ஐஸுக்குக் கீழ இருக்கற மீனெல்லாம் ஓடிடப் போகுது" என்றார் நிகழ்ச்சி நடத்தும் ரிக்.

விஷயம் இதுதான். ஊரின் அமெரிக்க ஃபுட்பால் அணியான பனி ஆந்தைகள் பதினேழு ஆட்டத்தில் பதினாலு தோற்றது. போன திங்கட்கிழமை தலைமைப் பயிற்சியாளர் ஆல்டோனனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஜெனரல் மேனேஜரும் காலி. அடுத்து ப்ரூவிட் என்பவர் பயிற்சியாளராக வரப்போகிறார், கையோடு டால்கிரென் என்ற ஜெனரல் மேனேஜரையும் கூட்டி வருகிறார் என்று பேச்சு.

அந்த டால்கிரென் சும்மா இருந்திருக்கலாம். "நான் வந்தா, ரசிகர்கள் சொல்றதைக் கேட்டுத்தான் யார் இருக்கணும், யார் போகணும்னு முடிவு பண்ணுவேன். தினம் ரிக் நிகழ்ச்சி கேக்கறேன்" என்று பேட்டி கொடுத்துவிட்டார்.

ஆகவே ஊர் மொத்தமும் போனில்.

மாட்டிக்கொண்டவன் டோபின். பந்தைக் கையால் எறிந்து ஆட்டத்தை நடத்தும் இருபத்திரண்டு வயதுப் பையன். கடைசி ஆட்டத்தில் மூன்று தடவை எதிரணிக்காரன் கையில் கொண்டுபோய் எறிந்தான். மறுநாள் காலை அவன் கார், கூரை தெரியாதபடி பனிக்குள் புதைந்து கிடந்தது. பனி வானத்திலிருந்து விழவில்லை. மண்வெட்டியிலிருந்து விழுந்தது.

"ரிக் தம்பி, ரொம்ப நாளா கேக்கறேன், இப்பதான் முதல் தடவையா கூப்பிடறேன்..."

"கெயில் அக்கா, இந்த வாரத்துல இது உங்க நாலாவது முதல் தடவை."

"சும்மா இருப்பா! ப்ரூவிட் தேவலை. ஆனா அந்த டால்கிரென்? மூஞ்சியப் பார்த்தா உப்புப் போடாம வேகவெச்ச உருளைக்கிழங்கு மாதிரி இருக்கு. யாரோ வரட்டும், டோபின் போகட்டும். ஸ்கூல் வாசல்ல பஸ்ஸை நிறுத்திட்டுத்தான் பேசறேன். நீயே கேளு. பசங்களா, யாரைத் தூக்கணும்?"

"டோபீ...ன்!" நாற்பது குரல்.

எந்த அழைப்பும் முதலில் மார்னியிடம்தான் வரும். பேரும் ஊரும் கேட்டு எழுதி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் ரிக்கிடம் தள்ளிவிடுவாள். இப்போது அவள் காட்டிய சீட்டைப் பார்த்ததும் ரிக் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"டூ ஹார்பர்ஸ்லேருந்து நம்ம எட்!"

ஒரு வாரமாகத் தினமும் போனில் வருகிற பக்கத்து ஊர் ஆள். ஜலதோஷம் பிடித்த குரல். திட்ட ஆரம்பித்தால் கேட்டுக்கொண்டே இருக்கலாம்.

"ஏங்க, பச்சைப் பையனை ஏன் போட்டு உலுக்கறீங்க? திட்டணும்னா அந்த ஆல்டோனனைத் திட்டுங்க! அந்தாளுக்கு ஃபுட்பாலும் ஒண்ணு, பூசணிக்காயும் ஒண்ணு. எப்பப் பார்த்தாலும் தலையில தொப்பி. ஏன்? உள்ள ஒண்ணும் இல்லேங்கறது வெளிய தெரிஞ்சுடக் கூடாதுல்ல!"

ரிக் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

"அந்த மூணு பந்து இருக்கே, பையன் இடது பக்கம் எறியறேன்னுதான் சொன்னான். வலது பக்கம்னு ஒத்தக் கால்ல நின்னது ஆல்டோனன். பையனுக்குத் தோள்ல வீக்கம். உட்கார வைங்கன்னு டாக்டர் சொன்னார். கேட்டுதா அந்த மண்டு?"

"இதெல்லாம் உனக்கு எப்படிய்யா தெரியும்?"

போனில் இரண்டு இருமல் கேட்டது.

"டிவில உதட்டைப் பார்த்தேன். எங்க அத்தைக்குக் காது கேக்காது. எங்க வீட்டுல எல்லாருமே உதட்டைப் படிப்போம்."

காற்று அப்படியே திசை மாறியது.

"நான் அன்னிக்கே சொன்னேனே, பையன் பாவம்னு!" என்றார் வெர்ன், மறுபடி லைனுக்கு வந்து. "அந்த ஆல்டோனன் மட்டும் என் குடில் பக்கம் வரட்டும், ஐஸ் ஓட்டைக்குள்ள தலைகீழா இறக்கறேன்!"

"பசங்க எல்லாம் ஓட்டு மாத்திப் போட்டுட்டாங்க தம்பி. பையன் இருக்கட்டும்" என்றாள் கெயில்.

அதற்கப்புறம் வந்த பதினோரு பேரும் ஆல்டோனனைத்தான் கிழித்தார்கள்.

ஒன்பதே முக்காலுக்குச் செய்தி வந்தது. ப்ரூவிட்டும் டால்கிரென்னும் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. டால்கிரென் சொன்ன முதல் வார்த்தை: "டோபின் இருப்பான். ஊரே அவன் பக்கம் நிக்குது."

ரிக் துள்ளினார். "ஏம்மா மார்னி, எட்டைப் பிடி! இந்தப் பெருமை அவனுக்குத்தான். அந்த ஆல்டோனனுக்கு எட் மாதிரி கால்வாசி மனசு இருந்திருந்தா நாம எங்கயோ போயிருப்போம்!"

"லைன் கிடைக்கலை" என்றாள் மார்னி.

ரிக் காபி எடுக்கப் போனதும் கதவைச் சாத்திவிட்டு, எட் கூப்பிட்டிருந்த எண்ணை அழுத்தினாள். மூன்று வருஷமாக ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் பயிற்சியாளர் பேட்டிக்காக அவளே கூப்பிட்டு, மனப்பாடமாகிப்போன எண்.

"டோபின் தப்பிச்சான், கோச் ஆல்டோனன். இனிமே உங்களைத் திட்டற வேலையை ஊர்க்காரங்ககிட்டயே விட்டுடுங்க."