தூளியை ஆட்டிய கால்கள்

கடல் ஏறும் மாதங்களில் தெருவே சக்கர வீடுகளோடு கிளம்பி உப்பளத்து மேட்டில் வந்து நிற்கும். நின்றதும் ஒவ்வொரு வீடும் நான்கு இரும்புக் கால்களை ஊன்றிக்கொள்ளும். பிறகு எந்தக் காற்றுக்கும் ஆடாது; வீடு ஒரு பக்கம் அசைந்தால் கால்கள் தாமே எதிர்ப்பக்கம் அசைந்து நிறுத்திவிடும். மிக்கேலுக்கு மட்டும் அந்தக் கால்கள்மேல் நம்பிக்கை இல்லை.

காய்ச்சலில் கிடந்த பேத்தி கண்மூடவே இல்லை. தூங்கினால்தான் காய்ச்சல் இறங்கும். மகள் ரோஸ்லின் கூரைக் கம்பியில் சேலையைத் தூளியாகக் கட்டி ஆட்டினாள். வீடுதான் ஆடுகிறதென்று நினைத்த கால்கள் எதிர்ப்பக்கம் அசைந்து தூளியை நிறுத்திவிட்டன. குழந்தை வீறிட்டது.

"சனியன், பிள்ளையத் தூங்க விடுதா பாரு," என்றார் மிக்கேல்.

"திட்டாதீங்கப்பா. இன்னொரு தடவ பாக்கேன்."

ராராட்டுப் பாடியபடி மறுபடி ஆட்டினாள். கால்கள் இம்முறை தடுக்கவில்லை. கை ஓய்ந்து அவள் விட்ட பிறகும் தூளி நிற்கவில்லை. வீடே மெல்ல அசைந்து அதை ஆட்டியது. அழுகை அடங்கியது. ரோஸ்லினும் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்தாள்.

வெளியே பக்கத்து வீட்டு லூர்து கத்தினான். "அண்ணே, ஒங்க வீடு ஆடுதே, காலு கெட்டுப்போச்சா?"

மிக்கேல் சன்னல் வழியே தலையை நீட்டினார்.

"மெதுவாப் பேசுல. பிள்ளையத் தூங்க வைக்குது."